தானாக ஓடும் ஏஐ-க்குக் காவல்: கேள்வி பதில்

மில், பனியன் கம்பெனி, கோழிப் பண்ணை என்று கோவைச் சுற்றுவட்டாரத்தில் இருபது வருடமாகத் தானியங்கிக் கருவிகள் பொருத்தி வருகிறேன். இந்த வாரம் வந்த கேள்விகள் இவை.

திருப்பூர்: அண்ணா, துணி செக்கிங்குக்கு ஏஐ கேமரா போட்டிருக்கிறோம். நான்கு பேர் பார்த்த வேலைக்கு இனி ஒருவர் போதுங்களா?

போதாதுங்க. 2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்பி நகரில், சாலையைக் கடந்த ஒரு பெண் மீது ஊபரின் தானாக ஓடும் சோதனைக் கார் மோதி அவர் இறந்துபோனார். மோதுவதற்கு 5.6 நொடி முன்பே சென்சார் அவரைக் கண்டுவிட்டது. ஆனால் வண்டியா, சைக்கிளா என்று மாற்றி மாற்றிக் கணித்ததே தவிர, நடந்துபோகிற ஆள் என்று கணிக்கவில்லை. காவலுக்கு உட்கார்ந்திருந்தவர் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கார்களில் முன்பு இரண்டு பேர் இருந்தார்கள். சில மாதங்களுக்கு முன்புதான் ஒருவராகக் குறைத்திருந்தார்கள். அவரை மட்டும் திட்டிப் பயனில்லை. மணிக்கணக்கில் எதுவுமே நடக்காத இடத்தில் யாருக்கும் கண் சோர்ந்துவிடும்.

அதனால் இருவரை வைத்து, அரை மணிக்கு ஒருமுறை மாற்றி விடுங்கள். ஓட்டை, எண்ணெய்க் கறை உள்ள ரோல் ஒன்றை அவ்வப்போது தெரிந்தே உள்ளே அனுப்புங்கள். கேமரா பிடிக்கிறதா, ஆள் பிடிக்கிறாரா என்று தெரிந்துவிடும். அப்புறம், சந்தேகப்பட்டு அவர் மெஷினை நிறுத்தினால், துணியில் ஒன்றும் இல்லாவிட்டாலும் சூப்பர்வைசர் கடிந்துகொள்ளக் கூடாது. ஒருமுறை திட்டு வாங்கியவர் மறுமுறை நிறுத்த மாட்டார். இதைப் பல மில்களில் பார்த்து நொந்திருக்கிறேன்.

பல்லடம்: கோழி ஷெட்டில் ஃபேன் எல்லாம் தானாகவே ஓடுதுங்க. ராத்திரியில் வரும் அலாரம் பத்தில் ஒன்பது பொய். அணைத்துவிடலாமா?

வேண்டாங்க. ஃபேன் நின்றால், கரண்ட் போனால் மட்டும் உங்களை எழுப்பட்டும். மற்றதெல்லாம் காலையில் பட்டியலாக வரட்டும்.

ஈரோடு: எங்கள் ஏஐ ஏஜென்ட் நூல் ஆர்டர் போட்டு, பணமும் அனுப்புகிறது. ஒவ்வொன்றுக்கும் நானே ஓகே சொல்ல வேண்டுமா?

நாளுக்கு நாற்பது ஓகே சொன்னால் படிக்காமலேதான் அழுத்துவீர்கள். சின்ன ஆர்டரை விட்டுவிடுங்கள். பெரிய தொகை, புது சப்ளையர், மாறிய வங்கிக் கணக்கு ஆகிய மூன்றும் உங்களிடம் வரட்டும். ஒருநாள் உச்சவரம்பை ஏஜென்டிடம் சொல்லி வைக்காதீர்கள், வங்கிக் கணக்கிலேயே போடுங்கள். 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தின் மென்பொருள் முக்கால் மணி நேரத்தில் 44 கோடி டாலருக்கு மேல் தொலைத்தது. பங்குச் சந்தை திறக்கும் முன்பே 97 எச்சரிக்கை மின்னஞ்சல்கள் போயிருந்தன. யாரும் அவற்றைக் கவனிக்கவில்லை.

அவரே மீண்டும்: சரிங்க, நான் ஊரில் இல்லாத நாளில்?

உங்கள் கணக்குப்பிள்ளைக்கும் ஏஜென்டை நிறுத்தத் தெரிய வேண்டும். இந்த மாதமே ஒருநாள் அவரை விட்டு நிறுத்திப் பாருங்கள். ஃபோன் போட்டு நூல் வாங்க அங்கே இன்னும் யாருக்காவது தெரிகிறதா என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும்.