அக்ரிமென்ட் முடிய இன்னும் ஆறு மாதம். வீட்டை உள்வாடகைக்கு விட்டுவிட்டுப் போகலாமா?

கேள்வி: சென்னை பெரும்பாக்கத்தில் ஓர் அபார்ட்மென்டில் குடியிருக்கிறேன். வாடகை 24,000 ரூபாய், அட்வான்ஸ் 1,20,000. பதினொரு மாத அக்ரிமென்டில் ஐந்து மாதம் முடிந்திருக்கிறது. இப்போது ஆபீசில் ஹைதராபாத்துக்கு மாற்றிவிட்டார்கள், அடுத்த மாதக் கடைசிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். ஓனர் துபாயில் இருக்கிறார். அவருடைய அப்பாதான் வீட்டு விஷயங்களைப் பார்த்துக்கொள்கிறார். என் நண்பனின் தம்பி மீதி ஆறு மாதமும் இங்கே இருந்துகொள்கிறேன் என்கிறான். அவன் எனக்கு வாடகையை அனுப்புவான், நான் வழக்கம்போல ஓனருக்கு அனுப்பிவிடுவேன். "பெரியவர்கிட்ட சொன்னா வாடகையை ஏத்துவார், சொல்லாமலே விட்டுடு" என்கிறார்கள். செய்யலாமா? நடுவில் காலி செய்தால் அட்வான்ஸ் திரும்ப வருமா?

பதில்: சொல்லாமல் செய்யாதீர்கள். சொல்லிவிட்டுச் செய்தாலும் உள்வாடகை உங்களுக்குத் தோதான வழி இல்லை. வீட்டுக்கு ஆள் தயாராக இருப்பதுதான் உங்கள் பெரிய பலம். அந்தத் தம்பியை ஓனருக்கு நேரடி வாடகைதாரர் ஆக்கிவிட்டு, உங்கள் கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பப் பாருங்கள்.

முதலில் சட்டம். இணையத்தில் தேடினால் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தைக் காட்டி, "ஒப்பந்தத்தில் தடை இல்லையென்றால் வாடகைதாரர் உள்வாடகைக்கு விடலாம்" என்று சிலர் எழுதியிருப்பதைப் பார்ப்பீர்கள். அந்தச் சட்டம் அப்படிச் சொல்வது உண்மைதான். ஆனால் தமிழ்நாட்டு நகர்ப்புறங்களில் வாடகை வீடுகளுக்கென்று 2017-இல் தனிச் சட்டம் இயற்றி, 2019 பிப்ரவரியில் அமலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அதன்படி, வீட்டு உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான முன் சம்மதம் இல்லாமல் வீட்டை முழுதாகவோ ஒரு பகுதியையோ உள்வாடகைக்கு விடக் கூடாது, உங்கள் வாடகை உரிமையை இன்னொருவருக்கு மாற்றித் தரவும் கூடாது. மீறினால், அதையே காரணம் காட்டி ஓனர் காலி செய்யச் சொல்லி மனுப் போடலாம். அக்ரிமென்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாவிட்டாலும் இதுதான் நிலை. பெரும்பாலான அக்ரிமென்ட்களில் அந்த வரி இருக்கவும் செய்யும். உங்களுடையதை எடுத்துப் பாருங்கள்.

"தம்பி கெஸ்ட்டாகத்தானே இருக்கிறான்" என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். நீங்களும் அதே வீட்டில் இருந்து, கூட ஒருவரைத் தங்கவைத்தால் அது வேறு. நீங்கள் ஹைதராபாத்தில் இருக்க, சாவியும் வீடும் முழுக்க அவன் கையில் இருந்தால், வீட்டை ஒப்படைத்துவிட்டீர்கள் என்றுதான் பொருள். யாரிடம் பிரத்தியேகமாக வீடு இருக்கிறது என்பதைத்தான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. "அவனிடம் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக வாங்கவில்லையே" என்பதும் பெரிதாக உதவாது. லாபம் பார்த்தீர்களா என்பதல்ல, சம்மதம் வாங்கினீர்களா என்பதுதான் கேள்வி.

சட்டத்தை விடுங்கள், நடைமுறைக்கு வருவோம். அபார்ட்மென்டில் இதை மறைக்கவே முடியாது. வாட்ச்மேன், அசோசியேஷன் செயலாளர், மெயின்டனன்ஸ் வசூலிப்பவர் என்று யாராவது ஒருவர் வாய் வழியாகப் பெரியவர் காதுக்குப் போய்விடும். போகட்டும், தெரியவே வராது என்றே வைத்துக்கொள்வோம். தம்பி மூன்றாவது மாதம் வாடகை தரவில்லை. ஓனருக்கு நீங்கள்தான் தர வேண்டும். பாத்ரூம் குழாய் உடைந்து கீழ்வீட்டுக் கூரையில் ஒழுகுகிறது. அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு. ஆறு மாதம் முடிந்தும் அவன் கிளம்பவில்லையென்றால் இன்னும் சிக்கல்: அவனைக் காலி செய்யச் சொல்ல உங்களிடம் பேப்பர் எதுவும் இருக்காது, ஓனரிடம் போய் நிற்கவும் முகம் இருக்காது. போலீசில் கொடுத்த வாடகைதாரர் விவரத்திலும் உங்கள் பெயர்தான் இருக்கும். அங்கே ஏதாவது வம்பு நடந்தால் முதல் போன் உங்களுக்குத்தான் வரும்.

சரி, நேரடி மாற்றம் எப்படிச் செய்வது? பெரியவரிடம் பேசுங்கள், ஆனால் பேச்சோடு விடாதீர்கள். உங்கள் அக்ரிமென்டில் ஓனர் இடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பது மகனா, அப்பாவா என்று பாருங்கள். மகன் போட்டிருந்தால், பெரியவர் வாசலில் நின்று "அதுக்கென்னப்பா, தாராளமா செய்" என்று சொன்னது பின்னால் கணக்கில் வராமல் போகலாம். மகனுக்கே மின்னஞ்சல் அனுப்பி, பெரியவருக்கும் அதன் நகலைத் தாருங்கள். இப்படி எழுதினால் போதும்:

"எனக்கு ஹைதராபாத்துக்குப் பணி மாற்றம் ஆகியிருக்கிறது. இன்ன தேதியில் வீட்டைக் காலி செய்ய விரும்புகிறேன். இதை அக்ரிமென்ட்படி என் நோட்டீசாக எடுத்துக்கொள்ளவும். அதே தேதியிலிருந்து இதே வாடகைக்குக் குடிவர எனக்குத் தெரிந்த ஒருவர் தயாராக இருக்கிறார். அவருடைய ஆதார் நகல், வேலை விவரம் இணைத்திருக்கிறேன். உங்களுக்குச் சம்மதமானால் அவருடன் நேரடியாகப் புதிய ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். வீடு ஒரு நாளும் காலியாக இருக்காது."

கடைசி வரிதான் ஓனரை அசைக்கும். வீட்டுக்காரருக்கு உங்கள் மேல் கோபம் இருக்க வேண்டியதில்லை. வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடக்குமே, மறுபடி புரோக்கரைப் பிடிக்க வேண்டுமே என்பதுதான் அவர் கவலை. அந்த இரண்டும் இல்லை என்று தெரிந்தால் லாக்-இன் (இத்தனை மாதம்வரை காலி செய்யக் கூடாது என்ற நிபந்தனை), நோட்டீஸ் எல்லாம் பெரும்பாலும் இறங்கிவரும். வாடகையை ஆயிரம் இரண்டாயிரம் ஏற்றிக் கேட்டால், அது அந்தத் தம்பி பேச வேண்டிய பேச்சு. நீங்கள் நடுவில் நிற்காதீர்கள்.

அட்வான்சில்தான் நம்மூரில் ஒரு குறுக்குவழி உண்டு, அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். "புதுசா வர்றவர் உங்ககிட்டயே ஒரு லட்சத்து இருபதாயிரத்தைக் கொடுத்துடட்டும், என் கணக்கு அப்படியே இருக்கட்டும்" என்பார் ஓனர். காசு கைமாறும், நீங்கள் கிளம்பிவிடுவீர்கள். தம்பி பிறகு காலி செய்யும்போது, "உன்கிட்ட நான் எப்பப்பா அட்வான்ஸ் வாங்கினேன்?" என்று கேள்வி வரும், அவன் நேராக உங்களுக்குப் போன் போடுவான். இந்த வழியில் போவதானால் ஓனர் கையெழுத்தோடு இரண்டு விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும்: உங்கள் அட்வான்ஸ் கணக்கு தீர்ந்தது என்பது, புதியவரின் பெயரில் 1,20,000 ரூபாய் அட்வான்ஸ் தன்னிடம் இருப்பதாக அவர் ஒப்புக்கொள்வது. இரண்டாவது வரி புதிய அக்ரிமென்டிலேயே வந்துவிட்டால் நல்லது. பணத்தை வங்கி வழியாகவே அனுப்பச் சொல்லுங்கள்.

இந்தக் குறுக்குவழி வேண்டாம் என்றால், ஓனர் உங்களுக்குத் திருப்பித் தர வேண்டும். வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நீங்கள் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்துவிட வேண்டும் என்கிறது அதே 2017 சட்டம். அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்றும் அது சொல்கிறது; ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொண்டிருந்தால் அது செல்லும் என்று ஒரு விலக்கும் வைத்திருக்கிறது. அதனால் ஐந்து மாதம் வாங்கியதை வைத்து இப்போது சண்டை போடுவதில் பயன் இல்லை.

பெயிண்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது சென்னை வழக்கம். உங்கள் அக்ரிமென்டில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும், நீங்கள் இருந்தது ஐந்தாறு மாதம்தான், தம்பி பெயிண்ட் அடிக்காமலே குடிவருகிறான் என்றால் அந்த 24,000-ஐ விட்டுத்தரச் சொல்லி நியாயமாகவே கேட்கலாம். சாவி கொடுக்கும் அன்று பெரியவரைக் கூட வைத்துக்கொண்டு ஒவ்வோர் அறையையும் வீடியோ எடுங்கள். ஈ.பி. மீட்டர் ரீடிங்கையும் போட்டோ எடுங்கள். மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் பாதி உங்கள் தலையிலும் பாதி அவன் தலையிலும் விழும், யூனிட் ஏற ஏறக் கட்டண விகிதமும் ஏறும். அன்றைய எண் கையில் இல்லையென்றால் பிரிக்க முடியாது.

ஓனர் "புது அக்ரிமென்ட் எல்லாம் வேண்டாம், உன் பேர்லயே இருக்கட்டும், அவனை வெச்சுக்கோ" என்று சொன்னால்? உள்வாடகைக்கு அவர் சம்மதிக்கிறார் என்று அர்த்தம். அப்படியானால் அதை எழுதி வாங்குங்கள்: யார் பெயர், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எவ்வளவு வாடகை என்பது இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவதை நம்பிப் போகாதீர்கள். தம்பியோடும் தனியாக ஓர் ஒப்பந்தம் போட்டு, உங்கள் அக்ரிமென்ட் முடிவதற்குப் பத்து நாள் முன்பே அவனுடையது முடிகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுத்த அட்வான்சில் ஒரு பங்கையாவது அவனிடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உள்வாடகை விவரத்தை, அந்த 2017 சட்டத்தின் கீழ் இருக்கும் வாடகை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. இத்தனை வேலைக்குப் பிறகும் ஓனரிடம் பொறுப்பு உங்களுடையதுதான். அதனால்தான் இதை இரண்டாம் பட்சம் என்கிறேன்.

எது செய்தாலும் தம்பியிடம் மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு "லீசுக்கு" விடும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஓனருக்கு மாத வாடகை கொடுத்துவிட்டு இன்னொருவரிடம் லட்சக்கணக்கில் லீஸ் பணம் வாங்குவது, சென்னையில் போலீஸ் கேஸாகப் பலமுறை பார்த்த மோசடி. உங்கள் எண்ணம் நல்லதாக இருக்கலாம், புகாரில் அது தெரியாது.

இரண்டுக்குமே ஓனர் மறுத்துவிட்டால் நேராகக் கணக்குப் போடுங்கள். அக்ரிமென்டில் லாக்-இன் இல்லை, இரண்டு மாத நோட்டீஸ் மட்டும்தான் என்றால், அதிகபட்சம் அந்த இரண்டு மாதம், 48,000 ரூபாய். நீங்கள் இருக்கப்போகிற நாட்களும் அதில் அடக்கம் என்பதால் உண்மையில் இழப்பு அதைவிடக் குறைவு. பதினொரு மாதமும் லாக்-இன் என்றிருந்தால் "மீதி வாடகை 1,44,000 முழுசாக் கொடு" என்று கேட்கக்கூடும். அப்படியே தானாகக் கிடைத்துவிடும் பணம் இல்லை அது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் எழுதிய தொகைக்குள் நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது. நஷ்டத்தைக் குறைக்கத் தன்னால் முடிந்ததை அவர் செய்தாரா என்பதையும் சட்டம் பார்க்கும். நீங்கள் அதே வாடகைக்கு ஆள் காட்டியும் வேண்டாம் என்றவர் ஆறு மாத நஷ்டம் கேட்பது எடுபடுவது கஷ்டம். அதற்காகவும்தான் அந்த மின்னஞ்சல். இந்தத் தொகைக்குக் கோர்ட் படி ஏறுவது இருவருக்குமே கட்டுப்படியாகாது என்பதால், "புரோக்கர் கமிஷனை நான் தருகிறேன், ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்ற அளவில் பேசி முடிப்பது நல்ல பேரம்.

வரி பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு வார்த்தை. ஹைதராபாத் போன பிறகு சென்னை வீட்டு வாடகை ரசீதைக் காட்டி எச்.ஆர்.ஏ. (சம்பளத்தில் வரும் வீட்டு வாடகைப்படி) கழிவு கேட்க முடியாது. நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்குத்தான் அது. தம்பி மாதாமாதம் உங்கள் கணக்குக்கு அனுப்பும் பணமும் உங்கள் வருமானமாகத் தெரியும், அதற்கும் கணக்குச் சொல்ல வேண்டிவரும்.

அக்ரிமென்டைப் படித்து முடித்த அன்றே மின்னஞ்சலை அனுப்பிவிடுங்கள். நோட்டீஸ் காலம் பெரியவரோடு பேசிய நாளிலிருந்து அல்ல, எழுதி அனுப்பிய நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும்.