படத்தில் உடையின் நிறத்துக்கு உண்மையிலேயே அர்த்தம் உண்டா, இல்லை பார்க்கிறவர்கள் கட்டிவிடும் கதையா?

‘காலா’ பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தப் படத்தில் சந்தேகமே வேண்டாம். தாராவிக்காரருக்குக் கறுப்பு. நிலத்தைப் பிடுங்க வருகிறவருக்கு உடையிலிருந்து வீடு வரை வெள்ளை. கடைசியில் கறுப்பு, சிவப்பு, நீலம் என்று பொடி பறக்கிறது. பெரியார், பொதுவுடைமை, அம்பேத்கர் என்று படிக்கத் தமிழர்களுக்கு உரை தேவையில்லை.

ஆனால் எல்லா நிறமும் அப்படி யோசித்து வருவதில்லை. மும்பையில் இந்தி சீரியல்களில் ஆறு வருடம் உடைப் பிரிவில் உதவியாளராக இருந்தவள் நான். (திரைப்படக் கல்லூரியில் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். எனக்குத் தெரிந்தது இஸ்திரிப்பெட்டியும் ஊக்கும்தான்.)

ஒரு சீரியலில் மும்பையின் மாட்டுங்கா பகுதியில் வாழும் தமிழ்ப் பிராமணக் குடும்பம் ஒன்று. 1940களில் நடக்கும் ப்ளாஷ்பேக்கில் கணவனை இழந்த பாட்டி வருகிறார். குறிப்பில் ‘வெள்ளைப் புடவை’ என்று இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. என் கொள்ளுப்பாட்டி தலையை மழித்து, காவியும் பழுப்புமான நார்மடி (நாரில் நெய்த மடிப்புடவை) கட்டியிருந்தாள் என்று அம்மா சொல்லியே வளர்ந்தவள் நான். எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று சொல்லவில்லை, வெள்ளை கட்டிய சமூகங்களும் உண்டு, வரிந்துகட்டிக்கொண்டு வராதீர்கள். இயக்குநரிடம் போய்ச் சொன்னேன். “வெள்ளை இல்லாவிட்டால் விதவை என்று யாருக்குப் புரியும்?” என்றார். வீட்டிலிருந்து கொள்ளுப்பாட்டி போட்டோவை எடுத்துப்போய்க் காட்டினேன். அது கறுப்பு வெள்ளைப் படம். அவர் சிரித்துவிட்டார்.

எங்கள் டிரஸ் தாதா (உடைகளைப் பார்த்துக்கொள்ளும் மூத்தவர்) மராட்டிக்காரர். அவர் மெதுவாகச் சொன்னார், அவர்கள் பக்கத்துப் பிராமண வீடுகளிலும் அந்தக் காலத்தில் தலைமழித்த விதவைகளுக்கு ஆலவண் என்கிற சிவப்புப் புடவைதானாம். ஆக, வெள்ளை கட்டாத இரண்டு ஊர்க்காரர்கள் உட்கார்ந்து வெள்ளைப் புடவைக்கு ஃபால்ஸ் அடித்தோம்.

அப்புறம்தான் வேடிக்கை. விளக்கைப் போட்டதும் புடவை பளீரென்று எரிகிறது. வெளிச்சத்தைக் குறைத்தால் பாட்டியின் முகம் இருண்டுபோகிறது. “டீயில் போடு” என்றார் கேமராமேன். தூய வெள்ளையைக் கேமராவுக்கு அடக்க இதுதான் பழைய வழி: டீத்தூளைக் கொதிக்கவைத்து வடிகட்டி, ஒரு பிடி உப்புப் போட்டு, துணியை முக்கிப் பிழிந்து நிழலில் உலர்த்த வேண்டும். நீங்கள் திரையில் ‘வெள்ளை’ என்று பார்ப்பதில் பாதி இப்படி டீ குடித்த வெள்ளைதான். நான் வாளியில் போட்டுவிட்டு வேறு நடிகைக்கு ஊக்குக் குத்தப் போனேன், மறந்தும்விட்டேன். எடுத்துப் பார்த்தால் நல்ல பழுப்பு. அம்மா சொன்ன அதே நிறம்.

வேண்டுமென்றே செய்தேன் என்று இன்றுவரை அவர்கள் நம்புகிறார்கள். இல்லை. (கொஞ்சம் சந்தோஷப்பட்டேன் என்பது உண்மை.) அவசரமாக வேறு வெள்ளைப் புடவை வாங்கி, அதை அளவாக முக்கி, காட்சியை முடித்தார்கள். கெட்டுப்போன புடவையின் விலையை என் சம்பளத்தில் பிடித்தார்கள். அந்தச் சம்பளமே 90 நாள் கழித்துத்தான் வரும். வீட்டுச் சொந்தக்காரரிடம் வாடகையை 90 நாள் கழித்துத் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். நிறத்துக்கு அர்த்தம் தேடுகிறவர்கள் யாரும் இதைக் கேட்பதில்லை. கடைசி மாதப் பணம் எனக்கு இன்னும் வரவில்லை. புடவை மட்டும் என்னிடம் இருக்கிறது.