மார்பில் இரண்டு கருப்புக் கோடு, ஆந்தை மாதிரி வட்ட முகம். இந்த ஆஸ்திரேலியக் குருவி எது? ஜோடியாக வளர்க்கலாமா?

டபுள் பார் ஃபிஞ்ச். ஆந்தை ஃபிஞ்ச் என்றும் சொல்வார்கள். வாலுக்கு மேலே முதுகின் அடிப்பக்கம் வெள்ளையாக இருந்தால் கிழக்குக் கரைப் பக்கத்துக் குருவி. கருப்பாக இருந்தால் வடக்கு, வடமேற்கு ஆஸ்திரேலியாவின் டார்வின், கிம்பர்லி பக்கம்.

ஜோடி என்று கேட்டீர்களே, என் வயிற்றெரிச்சலே அதில்தான். பிரிஸ்பேன் வந்த புதிதில் ஒருவர் ஜோடி என்று சத்தியம் செய்து இரண்டைக் கொடுத்தார். ஜீப்ரா ஃபிஞ்ச் என்ற இன்னொரு ஆஸ்திரேலியக் குருவியில் ஆணின் ஆரஞ்சுக் கன்னம் தூரத்திலேயே தெரியும். இதில் ஆணும் பெண்ணும் அச்சு அசல் ஒன்று. இரண்டும் ஒட்டி உட்கார்ந்து ஒன்றன் கழுத்தை ஒன்று கோதிவிடும்; எனக்குப் பூரிப்பு தாங்கவில்லை. முட்டை போட்ட அன்று வீட்டில் பாயசம். இட்டு முடித்த பிறகு எண்ணினால் ஒன்பது! வழக்கமாக நாலைந்துதான் இடும். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை பாருங்கள். 12 முதல் 14 நாளில் குஞ்சு வர வேண்டும். மூன்று வாரம் பார்த்துவிட்டு ஒரு முட்டையை மொபைல் டார்ச்சில் வைத்தேன். ஒரு நரம்புகூட ஓடவில்லை, வெறும் மஞ்சள் வெளிச்சம். இரண்டுமே பெட்டை.

பாடுவது ஆண் மட்டும்தான். அதுவும் கூண்டருகே காதை வைத்தால்தான் கேட்கும். அதனால் இளசாக நாலைந்து வாங்கிக் கூண்டில் விடுங்கள், தாமே ஜோடி சேரும். அவசரமென்றால் இறகைக் கொடுத்து டிஎன்ஏ பார்க்கலாம்.

தீனிக்குக் கவலை வேண்டாம். இங்கே கடையில் பேனிகம் என்று விற்பது நம் தினை, வெள்ளை மில்லட் என்பது பனிவரகு. வள்ளி ஆலோலம் பாடிக் குருவி விரட்டிக் காத்த தினையை நான் காசு கொடுத்து வாங்கிக் குருவிக்கே போடுகிறேன். பால் பிடித்த பச்சைப் புல்கதிர் கிடைத்தால் இன்னும் நல்லது. மருந்தடித்த சாலையோரத்தில் மட்டும் பறிக்காதீர்கள்.

கூண்டில் அடைப்பது பாவம் என்று கிளம்புபவர்களுக்கு: இவை தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்தவை. உரிமமில்லாமல் காட்டுக் குருவியைப் பிடிப்பது குற்றம், நான் அதைச் சொல்லவில்லை. வளர்ப்பு விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், வாங்குமுன் பாருங்கள். தோட்டத்துக்குத் தானாக வருபவற்றுக்குத் தண்ணீர் மட்டும் வையுங்கள்.

வாடகை வீடென்றால் இன்னொன்று. எட்டு மாதமாக ஒழுகும் பின்பக்கக் குழாயை எட்டிப் பார்க்காத வீட்டு ஏஜென்ட், வீட்டைச் சோதிக்க வரும் இன்ஸ்பெக்‌ஷன் அன்று தரையில் கிடந்த தினை உமியை மூன்று கோணத்தில் படமெடுத்து அனுப்பினார். உமியைக் கூட்டிவிட்டேன். குழாய் இன்னும் ஒழுகுகிறது.