நடுக்கக் காய்ச்சல், விலாவில் வலி: நீர்க்கடுப்புதானா?

கேள்வி: தி.நகர் துணிக்கடை ஒன்றில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். வயது 36. பண்டிகைக் கூட்டத்தில் பாத்ரூம் போக முடியாது என்று தண்ணீரே குடிப்பதில்லை. போன வாரம் நீர்க்கடுப்பு. மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை போட்டேன், எரிச்சல் குறைந்தது. நேற்று ராத்திரி உடம்பு தூக்கிப் போடுகிற மாதிரி குளிர்காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி. வாழைத்தண்டு ஜூஸ் போதுமா? கிட்னி போய்விடுமா?
- வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: கடிதத்தில் போன் நம்பர் இருந்தது நல்லதாகப் போயிற்று அம்மா. படித்த கையோடு கூப்பிட்டு, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டேன். மற்ற வாசகிகளுக்காக விவரமாக எழுதுகிறேன்.

வெறும் எரிச்சல் என்றால் தொற்று பெரும்பாலும் சிறுநீர்ப்பையோடு நிற்கிறது. நடுக்கக் காய்ச்சல், விலா வலி, வாந்தி எல்லாம் சேர்ந்தால், கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் நம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற கிருமிதான் காரணம். பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் சுமார் 4 செ.மீ. நீளம்தான், கிருமி சுலபமாக உள்ளே போய்விடும்.

போட்ட மாத்திரையின் அட்டையைத் தூக்கி எறியாமல் டாக்டரிடம் காட்டுங்கள். நீர்க்கடுப்புக்குத் தரும் நைட்ரோஃபுரான்டோயின் சிறுநீர்ப்பையில் நன்றாக வேலை செய்யும். சிறுநீரகத் திசுவில் போதுமான அளவு சேராது. எரிச்சல் குறைந்தும் காய்ச்சல் வருவதற்கு இப்படியும் காரணம் உண்டு.

அடுத்த மருந்துக்கு முன்னால் சிறுநீர் கல்ச்சர் (எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்கும் சோதனை) கொடுத்துவிடுங்கள். முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பாட்டிலில் பிடிக்க வேண்டும். ரிசல்ட் வர 2, 3 நாள் ஆகும். அதுவரை காத்திருக்காமல் ஆன்டிபயாடிக் ஆரம்பித்து, தேவைப்பட்டால் பிறகு மாற்றுவார்கள். பொதுவாக 7 முதல் 14 நாள். காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்தவே கூடாது. 3 நாளாகியும் காய்ச்சல் விடாவிட்டால், கல் அடைப்போ சீழோ இருக்கிறதா என்று ஸ்கேன் பார்ப்பார்கள். கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், மாத்திரையை வாந்தி எடுப்பவர்கள் பெரும்பாலும் அட்மிட் ஆக வேண்டியிருக்கும்.

வாழைத்தண்டு ஜூஸ் கிருமியைக் கொல்லாது. வலிக்கு டைக்ளோஃபெனாக் வேண்டாம், பாராசிட்டமால் போதும். நேரத்தோடு வைத்தியம் பார்த்தால் அநேகம் பேருக்குச் சிறுநீரகம் பழையபடி ஆகிவிடும், பயப்படாதீர்கள். தள்ளிப்போட்டால்தான் கிருமி ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகும்.

கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. பாத்ரூம் போவதற்குப் பெண்கள் இன்னும் பயந்து நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. வேலைக்குத் திரும்பும்போது, 3 மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது போக அனுமதிக்கச் சொல்லி டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கி, சூப்பர்வைசரிடம் கொடுங்கள்.