கோலா உருண்டையும் கொத்துக்கறியும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கறிக்கடையில் தட்டில் கொத்தி வைத்திருந்த கறியை அரைக் கிலோ வாங்கினேன். கோலா உருண்டை எண்ணெயில் விழுந்ததும் பிரிந்துவிட்டது. பொட்டுக்கடலை மாவு போதவில்லையா? (மதுரை வாசகி)

பதில்: மாவின் மேல் பழி வேண்டாம். தட்டில் குவித்திருக்கும் கொத்துக்கறியை வாங்காதீர்கள் என்று எத்தனை முறைதான் எழுதுவது! அதில் கொழுப்பு எவ்வளவு, ஜவ்வு எவ்வளவு, எப்போது கொத்தியது என்பதெல்லாம் கடைக்காரருக்கு மட்டுமே தெரியும். கொழுப்பு சூட்டில் உருகி வெளியேறும், உருண்டை உடையும். என் தங்கையின் தலைத்தீபாவளிக்கு நானும் அப்படி ஒரு கிலோ வாங்கினேன். புது மாப்பிள்ளையின் இலையில் உருண்டைக்குப் பதிலாகத் தூள்தான் விழுந்தது. அந்தக் கடைப்பக்கம் அதன்பின் நான் போகவில்லை.

தொடைக்கறியைக் கைகாட்டிக் கேளுங்கள். எலும்பு, கொழுப்பு, ஜவ்வு நீக்கிய பிறகே தராசில் ஏற வேண்டும். அதற்குக் கிலோ விலை கூடுதலாகச் சொல்வார்கள், கொடுங்கள். முழுத் துண்டாகவே கழுவி, ஈரம் வடிந்த பின் உங்கள் கண்ணெதிரே கொத்தட்டும். கொத்திய பின் கழுவினால் கறி நீரைப் பிடித்துக்கொள்ளும், உருண்டை நிற்காது. தராசில் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். மின்னணுத் தராசை ஆண்டுக்கு ஒரு முறை சரிபார்த்து முத்திரையிட வேண்டும்.

கேள்வி: காரைக்குடியில் வாழைநார் சுற்றிய கோலா சாப்பிட்டேன். சென்னையில் நார் இல்லாமல் அதே விலைக்கு விற்கிறார்கள். இது ஏமாற்று இல்லையா?

பதில்: இல்லை. எண்ணெயில் உருண்டை கலையாமல் இருக்கத்தான் நார். அது பழைய வழக்கம்; இன்று பலர் விட்டுவிட்டார்கள். செய்முறையும் வீட்டுக்கு வீடு மாறும். சிலர் கறியை மசாலாவோடு வேகவைத்து அரைப்பார்கள், சிலர் பச்சையாகவே அரைப்பார்கள். குடகில் இதன் உறவுக்காரன் 'கைம உண்டே'. இலங்கைக் கட்லட்டில் உருளைக்கிழங்கு நிறைய இருக்கும், மேலே ரொட்டித்தூள் இருக்கும். அதைக் குறை சொல்ல முடியாது, கட்லட் என்றால் அப்படித்தான். வாழைக்காய்க் கோலாவும் பெயரைச் சொல்லி விற்றால் நியாயமான பண்டமே. மட்டன் கோலா என்று பலகை வைத்துவிட்டு உருளைக்கிழங்கை உருட்டிப் போடுவதுதான் ஏமாற்று.

கேள்வி: பேரன் காதுகுத்துக்கு 200 மட்டன் கோலா சொல்லி, முழுப் பணமும் கட்டினேன். பாதிக்கு மேல் சோயா. கேட்டால் "எல்லாரும் இப்படித்தான் செய்கிறோம்" என்கிறார். ரசீது இருக்கிறது. (திண்டுக்கல், ஓய்வுபெற்றவர்)

பதில்: ஐயா, உறவினர் முன்னால் உங்களைத் தலைகுனிய வைத்தவரை விடாதீர்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மிச்சம் இருந்தால் ஃப்ரீசரில் வையுங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள், மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் எழுதுங்கள். அப்படியும் பணம் வரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது; 2 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 40ஆம் பிரிவின்படி, வாங்குபவரே கட்டணம் செலுத்தி உணவைப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம். ஆனால் அந்த எண்ணத்தை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். தவறு நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

கேள்வி: இரவு வாங்கிய கோலாவைக் காலையில் சாப்பிட்டேன், வயிற்றுப்போக்கு. இரவு மேசைமேல்தான் இருந்தது. கடைமீது வழக்குப் போடலாமா?

பதில்: கறிப் பண்டத்தை இரவெல்லாம் வெளியே வைத்தது நீங்கள். கடையை எதற்கு இழுக்கிறீர்கள்?

கேள்வி: தெருக்கடை எண்ணெய் கறுத்திருந்தால் கேள்வி கேட்க உரிமை உண்டா?

பதில்: உண்டு. பொரிக்கும் எண்ணெயில் மொத்த முனைவுச் சேர்மங்கள், அதாவது எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது கெட்டுச் சேரும் பொருள்கள், 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2018 ஜூலை முதல் இது விதி. அதை அளக்கும் கருவி நம்மிடம் இல்லை. எண்ணெய் கெட்டியாகி, நுரைத்து, புகைந்தால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

கேள்வி: கோலாவுக்கு வெள்ளாடா, செம்மறியா?

பதில்: வெள்ளாடு. கொழுப்புக் குறைவு.