“முழு நம்பிக்கை இருக்கிறது” என்று அறிக்கை வந்தால்...

கேள்வி: விடியக்காலையில் எழும்பி அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்தாட்டம் பார்க்கிறவன் நான். அணி தோற்கத் தொடங்கினால் நிர்வாகம் “பயிற்றுநர் மீது முழு நம்பிக்கை இருக்கிறது” என்று அறிக்கை விடுகிறது, கொஞ்ச நாளில் அவரையே வீட்டுக்கு அனுப்புகிறது. ஆதரவு என்பதே பொய்தானா? (உவர்மலை வாசகர்)

பதில்: அறிக்கையை விடுங்கள், அது பத்திரிகைக்காரருக்கு. வீரர்கள் பார்ப்பது ஒன்றைத்தான்: கோச்சைத் தாண்டி மேலே போய் முறையிட்டால் கதவு திறக்குமா? 1981 நவம்பரில் லேக்கர்ஸ் அணியில் திறந்தது. 1980இல் கிண்ணம் வென்று கொடுத்த பயிற்றுநர் போல் வெஸ்ட்ஹெட்டின் ஆட்டமுறை பிடிக்காமல், என்னை வேறு அணிக்கு மாற்றுங்கள் என்று நட்சத்திர வீரர் மஜிக் ஜோன்சன் வெளிப்படையாகவே சொன்னார். மறுநாள் வெஸ்ட்ஹெட்டுக்கு வேலை போய்விட்டது, இத்தனைக்கும் அணி 11 ஆட்டத்தில் 7 வென்றிருந்தது. அந்த இடத்துக்கு வந்தவர் உதவிப் பயிற்றுநர் பட் ரைலி. அந்தப் பருவமே கிண்ணமும் எடுத்தார், அதனால் உரிமையாளரைக் குறை சொல்லவும் ஆளில்லை.

இனி 2010க்கு வாருங்கள். அதே ரைலி இப்போது மயாமி ஹீட்டின் தலைவர். நட்சத்திர வீரர் லெப்ரோன் ஜேம்ஸ் வந்து சேர்ந்தும் முதல் 17 ஆட்டத்தில் 9 வெற்றிதான். டலஸுடனான ஆட்டத்தில், இடைநிறுத்தத்துக்கு வெளியே வந்த லெப்ரோன் பயிற்றுநர் எரிக் ஸ்போல்ஸ்ட்ராவின் தோளை இடித்துக்கொண்டு போனதைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின. ஸ்போல்ஸ்ட்ராவோ 1995இல் அதே கழகத்தின் வீடியோ அறையில் தொடங்கிய மனுசன், பெரிய பெயர் ஒன்றும் இல்லை. ரைலி இறங்கி வந்து பொறுப்பெடுப்பார் என்று பலரும் எதிர்பார்த்தார்கள், 2005இல் அப்போதைய பயிற்றுநர் ஸ்டான் வான் கண்டி விலகியபோது வந்தவர்தானே. இந்த முறை வரவில்லை. 2011 இறுதித் தொடரில் தோற்ற பிறகும் வரவில்லை. 2012, 2013 இரண்டு வருடமும் கிண்ணம் மயாமிக்கு. கதவு எப்படித் திறக்கும் என்று ரைலிக்குத் தெரியாமலா இருக்கும்?

கேள்வி: கோடிக்கணக்கில் சம்பளம் கொடுப்பதும் ஆதரவுதானே? (பாலையூற்று வாசகி)

பதில்: பயிற்றுநரின் வங்கிக் கணக்குக்கு ஆதரவு, சரி. 2023இல் டெட்ரோயிட் அணி மொன்டி வில்லியம்ஸுக்கு 6 வருடத்துக்கு 7 கோடியே 85 இலட்சம் டொலர் பேசியது. அந்தப் பருவத்தில் தொடர்ந்து 28 தோல்வி, 82 ஆட்டத்தில் 14 வெற்றி, ஒரே வருடத்தில் ஆள் வெளியே. அடுத்த பருவம் பயிற்றுநரும் புதிது, கூடவே அனுபவமுள்ள, தூரத்திலிருந்து கூடையில் போடக்கூடிய வீரர்களையும் எடுத்தார்கள், 44 வெற்றி வந்தது. அந்த வீரர்களை ஒரு வருடம் முந்தி எடுத்திருந்தால் அதை ஆதரவு என்று சொல்லலாம்.

கேள்வி: திருகோணமலையில் ஒரு சின்னக் கழகத்துக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஆட்டம் நடக்கும்போதே செயலாளர் பின்னால் வந்து நின்று ‘இவனை இறக்கு, அவனை எடு’ என்கிறார். என்ன செய்வது? (பெயர் வேண்டாம்)

பதில்: கூட்டத்தில் கேட்கட்டும், ஆட்டம் முடிந்து கேட்கட்டும், அது அவர் உரிமை. இடைநிறுத்தம் ஒரே ஒரு நிமிடம் அண்ணை, அதில் அவருக்கும் பங்கு கொடுத்தால் உங்களுக்கு என்ன மிஞ்சும்? பொடியன்களும் இரண்டு வாயில் எது தங்களுக்கு வசதியோ அதைத்தான் கேட்பார்கள். ஆட்டத்துக்கு 10 நிமிடம் முன்பே புள்ளித்தாளில் முதல் ஐந்து பேரைக் குறித்துக் கையெழுத்து வைப்பது பயிற்றுநர். அடுத்த முறை அந்தப் பேனையை அவரிடமே நீட்டிப் பாருங்கள். அநேகமாக வாங்கமாட்டார்.