எரிமலை மலைப்பாதையில் சைக்கிளில் போக எதைத் தயார் செய்துகொள்ள வேண்டும்?

ஏற்றத்தை நினைத்துத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். என்னைக் கேட்டால் முதல் கவலை தண்ணீர்தான். எரிமலைப் பாறையில் துளைகளும் விரிசல்களும் நிறைய. பெய்கிற மழையை உள்ளே இழுத்துவிடும், அதனால் மறுநாள் வழியில் ஓடையைப் பார்ப்பதே அரிது. ஸ்பெயினின் டெனெரீஃப் தீவிலுள்ள டெய்டே எரிமலைச் சாலையில் கடற்கரையிலிருந்து கிளம்பினால் 2,000 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். குடிநீரைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

அப்புறம் டயர். தார்ச்சாலையை விட்டு இறங்கினால் கறுப்புச் சரளை, உடைந்த கண்ணாடி மாதிரி கூரான விளிம்பு. டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிடும். உள்ளே வைத்து ஒப்பேற்ற ஒரு பழைய டயர்த் துண்டு கைவசம் இருக்கட்டும். சாம்பல் மண்ணில் முன்சக்கரம் புதையும். அகலமான டயர் போட்டு, காற்றைக் கொஞ்சம் குறைத்தால் சமாளிக்கலாம்.

இத்தாலியின் எட்னா போல இன்றும் குமுறுகிற மலையென்றால், கிளம்பும் காலையில் பாதை திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள்.